சிட்டி விடெக்: 4-2-1 ஹெடரா, 4-1 ஹெடரா?

சாலைக்கிளி:
2001 ஹோண்டா சிட்டி 1.5 விடெக். இன்ஜின், ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) எல்லாம் ஸ்டாக், கம்பெனியில வந்தபடியே. தினசரி ஓட்டம் டவுன் டிராஃபிக்ல, எப்பவாவது கோவை கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக். ஹெடர் (இன்ஜின் புகையை வெளியேத்துற குழாய்த் தொகுப்பு) மாத்தணும். லோக்கல் பட்டறையில எம்.எஸ்.ல (மைல்ட் ஸ்டீல்) செஞ்ச 4-2-1 (நாலு குழாய் ரெண்டாகி, அப்புறம் ஒண்ணா சேர்றது) ஒண்ணும், எஸ்எஸ் 304-ல (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 4-1 (நாலும் நேரா ஒண்ணா சேர்றது) ஒண்ணும் கிடைக்குது. எதை எடுக்கலாம்? மாட்டும்போது எங்கே சொதப்பும்?

விடெக்வாசி:
4-2-1 தான் ஜி. ஸ்டாக் கேமுக்கு (வால்வைத் திறக்கிற தண்டு) 4-1 தேவையே இல்லை. அதோட பலன் கடைசி ஆர்பிஎம்ல மட்டும்தான். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் வெடிக்கிற வரிசை) 1-3-4-2. அதனால 1-ம் 4-ம் ஒரு ஜோடி, 2-ம் 3-ம் ஒரு ஜோடி. அப்பதான் ஜோடிக்குள்ள ஒரு முழுச் சுற்று இடைவெளி கிடைச்சு, ஒரு சிலிண்டரோட புகை இன்னொண்ணை மறிக்காது. 1-2, 3-4 என்று தப்பா வெல்ட் பண்ணின ஹெடரும் விற்பனைக்கு வருது. காசு கொடுக்கும் முன்னாடி ஒவ்வொரு குழாயையும் விரலால தடவிக்கிட்டே போய்ப் பாருங்க.

பிரைமரி குழாய் (ஒவ்வொரு சிலிண்டர்ல இருந்தும் வர்ற முதல் குழாய்) 38 மி.மீ. போதும். அதைவிடப் பெருசா போனா புகையோட வேகம் குறைஞ்சு, கீழ் ஆர்பிஎம் பிக்கப் படுத்துடும். ஃபிளேன்ஜ் (இன்ஜினோட சேர்த்து முடுக்குற தட்டு) 8–10 மி.மீ. தடிமன் இருக்கணும். நேர்ச்சட்டம் வெச்சு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிய தகடுகள்) விடுங்க, 0.1 மி.மீ. தகடு உள்ளே போனா மில்லிங்ல கொடுத்து மட்டம் பண்ணாம மாட்டாதீங்க. எம்.எஸ். ஹெடருக்கு ஹீட் ரேப் (வெப்பம் தாங்குற துணிப்பட்டை) சுத்தவே கூடாது. ஈரத்தைப் பிடிச்சு வெச்சு உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும்.

டார்க்ரெஞ்ச்:
பழைய நட்டுகளுக்கு முந்தின ராத்திரியே துருநீக்கி ஸ்ப்ரே அடிச்சு ஊற விடுங்க. அலுமினிய ஹெட், ஸ்டட் (நட்டு மாட்டுற மரையாணி) முறிஞ்சா வேலை பத்து மடங்கு. பழைய பேக்கிங்கைத் திரும்பப் போடாதீங்க, புதுசு மல்டி லேயர் ஸ்டீல் போடுங்க. சிலிக்கான் பேஸ்ட் வேண்டவே வேண்டாம், புகையில ஆக்சிஜன் அளக்குற ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்கும்.

முதல்ல எல்லா ஜாயிண்டையும் கையால மட்டும் முடுக்கி, ரேடியேட்டர் ஃபேன், ஆயில் சம்ப் ரெண்டுலயும் இடிக்காம இருக்கான்னு பாருங்க. அப்புறம் நடு நட்டுல ஆரம்பிச்சு வெளிப்பக்கமா, ரெண்டு மூணு சுற்றா 31 நியூட்டன் மீட்டர். ரெண்டு மூணு தடவை சூடாகி ஆறின பிறகு, ஜில்லுன்னு இருக்கும்போது மறுபடி செக் பண்ணுங்க.

சாலைக்கிளி:
நன்றி. எம்.எஸ். ஹெடர்ல சென்சார் துளை முதல் சிலிண்டர் குழாய்ல இருக்கு. பரவாயில்லையா?

டார்க்ரெஞ்ச்:
கூடாது ஜி. ஒரு சிலிண்டரை மட்டும் பார்த்து ஈசியு நாலுக்கும் பெட்ரோல் கணக்குப் போடும். நாலும் சேர்ற கலெக்டர்ல எம்18×1.5 பாஸ் (சென்சார் மாட்டுற மரை வளையம்) வெல்ட் பண்ணி, பழைய துளையை அடைச்சிடுங்க. சென்சார் முனை கீழ்நோக்கிச் சாய்ஞ்சு இருக்கணும், இல்லைன்னா தண்ணி தேங்கி செராமிக் விரிசல் விடும்.

விடெக்வாசி:
சென்சாருக்கு முன்னாடி லீக் இருந்தா வெளிக்காத்து உள்ளே இழுக்கும். சென்சார் ‘லீன்’ (பெட்ரோல் கம்மி) என்று சொல்லும், ஈசியு பெட்ரோலைக் கூட்டும், மைலேஜ் விழும். இன்ஜின் ஜில்லுன்னு இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, ஃபிளேன்ஜ் ஓரமா சோப்புத் தண்ணி அடிச்சுப் பாருங்க.