கல்முனையில் ஒரு 2015 வேகன் ஆர் பார்க்கப் போறோம், வெள்ளத்தில் நின்ற வாகனமா எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

செங்கலடியான்

அண்ணன்மாருக்கு வணக்கம். வீட்டுப் பாவனைக்கு ஒரு வேகன் ஆர் எடுக்கலாம் எண்டு நிற்கிறோம். 2015 தயாரிப்பு, எஃப்.இசட் மொடல், மீற்றரில் 78,000 கிலோமீற்றர் காட்டுது. வாகனம் நிற்கிறது கல்முனையில். விற்கிறவர் மூன்றாவது ஆள், ஆனா பதிவுப் புத்தகத்தில் முதல் ஆளின் பெயர்தான் இரிக்கு. "ஓபன் பேப்பர் கையில இரிக்கு, பயப்பட வேணாம்" எண்டு சொல்றார். வாற ஞாயிறு பார்க்கப் போறோம். கராஜுக்குக் கொண்டு போக முதல் நாங்களே கண்ணால பார்த்துக் கழிக்கக்கூடிய விஷயம் என்ன? முக்கியமா, மாரி வெள்ளத்தில் நின்ற வாகனமா எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கையில கொண்டு போக வேண்டிய சாமான் ஏதும் இரிந்தா அதையும் சொல்லுங்க.

ஸ்பானர்_பன்னிரண்டு

தம்பி, நீங்க கேட்ட கேள்விதான் முதல் கேள்வி. நம்மட பக்கத்தில வாகனம் பார்க்கிறதெண்டா என்ஜின் சத்தத்தை விடத் தண்ணியைத்தான் முதல் பார்க்க வேணும். 2024 நவம்பர் வெள்ளத்தில அம்பாறை, மட்டக்களப்பு ரெண்டு மாவட்டத்திலயும் தாழ்ந்த இடங்களெல்லாம் தண்ணிக்குள்ள கிடந்தது. அப்படி நின்ற வாகனத்தைக் கழுவி, காய வெச்சு, உள்ளுக்கு வாசம் அடிச்சு விற்கிறது லேசு. என்ஜின் நல்லாத்தான் ஓடும். ஆறு மாதம், ஒரு வருசம் போகத்தான் வயரிங் ஒவ்வொண்டாச் சாகத் தொடங்கும்.

கொண்டு போக வேண்டியது: நல்ல டோச் ஒண்டு, சின்னக் காந்தம், பழைய வெள்ளைத் துணி, முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடி. பகல் பத்து மணிக்கு முன்னம் போங்க. மழை பெய்ஞ்சு நனைஞ்ச வாகனத்தில பெயின்ட் பார்க்க ஏலாது. போறதுக்கு முதல் போன் பண்ணி "என்ஜினை ஸ்டாட் பண்ணி வைக்க வேணாம்" எண்டு சொல்லிப் போடுங்க. போனதும் பொனட்டில கையை வையுங்க. சூடா இரிந்தா, குளிர்ல ஸ்டாட் எடுக்கிற குறை ஏதோ ஒண்டை மறைக்கிறாங்க எண்டு சந்தேகப்படலாம். இன்னொரு நாள் வாறோம் எண்டு சொல்லிட்டு வந்திருங்க.

வெள்ளத்துக்கு நாலு சீட் பெல்ட்டையும் கடைசி வரைக்கும் இழுங்க. வெளியில தெரியிற பாகத்தை எல்லாரும் கழுவுவாங்க, சுருளுக்குள்ள கிடக்கிற கடைசி ஒரு முழத்தைக் கழுவ மாட்டாங்க. அதில மண் நிறத்தில கோடு இரிந்தா தண்ணி அந்த உயரத்துக்கு வந்திரிக்கு. வெள்ளைத் துணியால பெல்ட்டைப் பிடிச்சு இழுத்தாக் கறை துணியில ஒட்டும். பெல்ட் நாலும் புதுசா இரிந்தா அதுவும் ஒரு பதில்தான். 78,000 ஓடின வாகனத்துக்குப் பெல்ட் மாத்த என்ன தேவை?

அடுத்தது சீட் தண்டவாளம். முன் சீட்டை முழுக்கப் பின்னுக்குத் தள்ளிட்டு, நிலத்தில பூட்டின போல்ட் தலைகளைப் பாருங்க. காலில வந்த ஈரத்தால மேலோட்டமாக் கறள் பிடிக்கும், அது பரவாயில்லை. போல்ட்டைச் சுத்தி, நூலுக்குள்ளயும், சீட்டுக்கு அடியில இரிக்கிற ஸ்பிறிங் கம்பியிலயும் ஒரே மாதிரிச் சிவப்பாக் கறள் எண்டா அது வெள்ளம். போல்ட் தலையில ஸ்பானர் வெச்ச காயம் இரிந்தா சீட்டைக் கழட்டிக் கார்ப்பெட் காய வெச்சிரிக்காங்க.

வேகன் ஆரில இன்னொரு விஷயம். 2014 ஆகஸ்ட்டுக்குப் பிறகு வந்த எஃப்.இசட் எல்லாம் எஸ் எனசார்ஜ், அதாவது சின்ன மோட்டாரும் லிதியம் பற்றரியும் என்ஜினுக்கு உதவுற வகை. அதிட லிதியம் பற்றரி முன் இடது சீட்டுக்குக் கீழதான் இரிக்கு. உள்ளுக்குக் கணுக்கால் அளவு தண்ணி ஏறினாலே அதுக்குக் கிட்ட வந்திரும். அந்தச் சீட்டுக்குக் கீழ டோச் அடிச்சுப் பாருங்க. வயர் கனெக்டரில பச்சை நிறத்தில பூஞ்சணம் மாதிரி ஏதும் ஒட்டியிரிந்தா செம்பு அரிச்சுப் போயிற்று. அந்தப் பச்சையைத் துடைச்சா நிக்காது, வயருக்கு உள்ளால மேல ஏறும். அதோட வாகனத்தை விட்டிட்டு வந்திருங்க, விலை குறைச்சாலும் வேணாம்.

பின் டிக்கிக் கார்ப்பெட்டைத் தூக்கி அடித்தகட்டில மண் படிஞ்சிரிக்கா, ஜாக்கி கறள் பிடிச்சிரிக்கா பாருங்க. எயார் ஃபில்டர் பெட்டியைத் திறந்து அடியில மண் வண்டல் கிடக்கா பாருங்க. ஃபில்டரை மாத்துவாங்க, பெட்டிட மூலையைத் துடைக்க மறந்திருவாங்க. அதில வண்டல் கிடந்தா என்ஜின் தண்ணி இழுத்திரிக்கலாம். தண்ணி இழுத்த என்ஜினில கனெக்டிங் றொட் லேசா வளைஞ்சு போகும், ஓடும், ஆனா ஒரு சிலிண்டரில கொம்பிரஷன், அதாவது உள்ளுக்கு வாற அமுக்கம், குறைவா நிற்கும். கராஜில மூண்டு சிலிண்டருக்கும் கொம்பிரஷன் அளக்கச் சொல்லுங்க. ஒண்டுக்கொண்டு 15 பி.எஸ்.ஐ.க்கு மேல வித்தியாசம் வந்தா எடுக்க வேணாம்.

பதிவேடு

வாகனத்தைப் பார்க்கப் போகும் முன்னரே இந்தப் பத்திர விஷயத்தை முடித்துக்கொள்ளுங்கள். எனக்கு இதுதான் வெள்ளத்தை விடப் பெரிய பயம்.

ஓபன் பேப்பர் என்றால், புத்தகத்தில் பெயர் உள்ளவர் உரிமை மாற்றத்துக்கான எம்.டி.ஏ 6 படிவத்தில் கையெழுத்து வைத்து, வாங்குபவரின் பெயரை வெறுமையாக விட்டுக் கொடுத்திருக்கிறார். அது கைக்குக் கை மாறி மூன்றாவது ஆளிடம் வந்திருக்கிறது. பதிவுப்படி இன்றைக்கும் அது முதல் ஆளின் வாகனம். அவர் இப்போது எங்கே? நமது பகுதியில் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். கையெழுத்து வைத்தவர் கட்டாருக்கோ சவூதிக்கோ போயிருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம். படிவத்தில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினாலும், அவரைத் தேடிப் பிடிக்க வேண்டியது நீங்கள்தான். வெளிநாட்டில் இருந்தால் அற்றோணித் தத்துவம் வேண்டும். இறந்திருந்தால் வாரிசுகள் வழியாகத்தான் வர வேண்டும், அது மாதக்கணக்கில் இழுக்கும்.

விற்பவரிடம் நேரே சொல்லுங்கள்: "முதல் ஆளைக் கூட்டி வாங்க, அவர் முன்னால் புதிய படிவத்தில் கையெழுத்து, அடையாள அட்டைப் பிரதி, அதற்குப் பிறகு காசு." கூட்டி வர முடியாதென்றால் வாகனத்தைப் பார்க்கவே போக வேண்டாம்.

மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்தால் விவரம் எடுக்கலாம். அதில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு லீசிங் கொம்பனியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் முடியவில்லை, அல்லது முடிந்தும் பெயரை நீக்கவில்லை. கடன் முடிந்த கடிதத்தை மட்டும் நம்பிக் காசு கொடுக்க வேண்டாம், புத்தகத்தில் அந்தப் பெயர் நீங்கியிருக்க வேண்டும். சேஸிஸ் இலக்கம், என்ஜின் இலக்கம், நிறம் மூன்றையும் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். சேஸிஸ் இலக்கத்தை வாகனத்தில் அடித்திருக்கும் இடத்திலேயே பாருங்கள், ஒட்டிய தகட்டில் மட்டும் பார்த்துவிட்டு விட வேண்டாம். இலக்கத்தைச் சுற்றிச் சுரண்டிய தடம், புதிதாக அடித்த பெயின்ட் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். என்ஜின் மாற்றியிருந்தால் அது புத்தகத்தில் பதிவாகியிருக்க வேண்டும்.

வருமான அனுமதிப்பத்திரம் எந்தத் திகதி வரை என்று பாருங்கள். இடையில் விட்டுப்போன வருடங்கள் இருந்தால் நிலுவையும் தண்டமும் புதுப்பிக்கப் போகும் ஆளின் தலையில்தான். காப்புறுதி விற்பவரின் பெயரில் இருக்கும், அதை நம்பி வீட்டுக்கு ஓட்டி வர வேண்டாம். வாங்கும் அன்றே உங்கள் பெயரில் எடுங்கள்.

நாலாம்_கியர்

மேலே ரெண்டு பேரும் சொன்னது சரி. நான் ஓட்டிப் பார்க்கிறதைச் சொல்றேன்.

திறப்பைத் திருப்பி "ஓன்" இல் வைச்சு ஸ்டாட் பண்ணாம டாஷ்போட்டைப் பாருங்க. என்ஜின் லைட், ஏ.பி.எஸ் லைட், எயார் பேக் லைட் மூணும் எரிய வேணும். எயார் பேக் லைட் சில செக்கனில் தானாக அணைய வேணும். எரியவே இல்லை எண்டா அந்த லைட்டைக் கழட்டியிரிக்கலாம். விபத்தில் பேக் வெடிச்ச வாகனத்துக்குத் திரும்பப் பேக் போடாமல் விட்டால் இப்படித்தான் செய்வாங்க. இதைப் பார்க்க அரை நிமிசம் போதும், ஆனா மிச்சப் பேர் பார்க்கிறதில்லை.

பிறகு ஸ்டாட் எடுங்க. ஒருத்தரைப் பின்னுக்கு நிற்கச் சொல்லுங்க. நீலப் புகை எண்டா ஒயில் எரியுது. வெள்ளைப் புகை குளிர்ல கொஞ்சம் வரும், சூடான பிறகும் நிற்காம வந்தா கூலன்ட் உள்ளுக்குப் போகுது. ஒயில் மூடியைத் திறந்து உட்பக்கத்தைப் பாருங்க, கருவண்டல் தடிப்பாப் படிஞ்சிரிந்தா ஒயில் நேரத்துக்கு மாத்தேல்லை. இந்த என்ஜினில் டைமிங் செயின், பெல்ட் இல்லை. ஒயில் மாத்தாம ஓடினா செயின் நீண்டு, ஸ்டாட் எடுத்த உடனே கரகர எண்டு சத்தம் வரும். ரேடியேட்டர் மூடியைக் குளிர்ல மட்டும் திறவுங்க. உள்ளுக்குச் செங்கல் நிறத் தண்ணி கிடந்தா கூலன்ட்டுக்குப் பதிலாகக் கிணத்துத் தண்ணி ஊத்தி ஓடியிரிக்காங்க.

சி.வி.டி. எண்ட ஓட்டோ கியர் பொக்ஸ்தான் இந்த வாகனத்தில் விலை கூடின பாகம், பல்லுச் சில்லுக்குப் பதிலா உள்ளுக்கு ஒரு பெல்ட்டில ஓடுறது. பிறேக்கை மிதிச்சுக்கொண்டு ஆர் இல் போடுங்க, பிறகு டி இல் போடுங்க. ரெண்டிலும் ஒரு செக்கனுக்குள்ள பிடிக்க வேணும், "டக்" எண்டு உதறக் கூடாது. றோட்டில் எடுத்து, மெல்ல மிதிச்சு மணிக்கு 20 கிலோமீற்றரிலிருந்து 40 வரைக்கும் கொண்டு போங்க. அந்த வேகத்தில் சில்லு குழியில் விழுற மாதிரி நடுக்கம் வந்தா பெல்ட்டோ கிளச்சோ தேய்ஞ்சிரிக்கு, இல்லாட்டி ஒயில் பழசு. எது எண்டு நீங்க அங்க நின்று முடிவு எடுக்க ஏலாது, அதனால் கெட்டது எண்டே எடுத்துக்கொள்ளுங்க.

கல்முனையில் ஏத்தம் இல்லை, அதுதான் இங்க பெரிய குறை. சமதறையில் தனியாள் ஏறி ஓட்டினா எந்த சி.வி.டி.யும் நல்லாத்தான் ஓடும். நாலு பெரியாக்கள் ஏறுங்க, ஏசியை முழுக்கப் போடுங்க, முழுசா நிற்பாட்டி நிற்பாட்டி ஒரு ஐஞ்சாறு தரம் எடுங்க. 15 நிமிசத்துக்குக் குறையாம ஓடுங்க, ஒயில் சூடானாத்தான் குறை வெளிய வரும்.

கடைசியா ஐட்லிங் ஸ்டொப். என்ஜின் சூடான பிறகு ஏசியைக் குறைச்சு, பிறேக்கை வடிவா மிதிச்சு நிற்பாட்டினா என்ஜின் தானாக நிற்க வேணும். பிறேக்கை விட்டா, ஸ்டாட்டர் சத்தம் இல்லாம மெல்லத் திரும்ப எடுக்க வேணும், அதை பெல்ட்டில் ஓடுற ஐ.எஸ்.ஜி. மோட்டார்தான் செய்யுது (ஸ்டாட் எடுக்கிறதும் சார்ஜ் பண்றதும் அந்த ஒரே மோட்டார்). நிற்கவே இல்லை எண்டா ரெண்டு பற்றரியில் ஏதோ ஒண்டு பலம் குறைஞ்சிரிக்கலாம். சாதாரண ஈயப் பற்றரியை மலிவுக்குப் போட்டிரிந்தாலும் இப்படித்தான் வரும், அது சின்னச் செலவு. லிதியம் பற்றரி எண்டா பெருஞ்செலவு. கராஜில் ஸ்கேனர் போட்டால்தான் எது எண்டு பிரிக்கலாம்.

உப்புக்காற்று

வாகனம் கடற்கரைக்குக் கிட்ட நின்றதா என்றும் கேளுங்கள். கல்முனை, காரைதீவு, கல்லடி எல்லாம் உப்புக்காற்று. கதவின் கீழ் விளிம்பு மடிப்பு, பின் சில்லு வளைவின் உள்பக்கம், ஜாக்கி வைக்கும் இடம், பிறேக் ஒயில் குழாய் இந்த நாலு இடத்திலும் கறள் முதலில் பிடிக்கும். அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீர் என்று கேட்கும், அரித்த தகடு மொத்தையாகக் கேட்கும்.

நசுங்கிய இடத்தை நிரப்பப் பெயின்டுக்குக் கீழே பூசும் பட்டி தடிப்பாக இருந்தால் அங்கே காந்தம் ஒட்டாது. பெயின்ட் தடிப்பு அளக்கும் மீற்றர் கிடைத்தால் இன்னும் நல்லது: 80 முதல் 150 மைக்ரோன் வரை கொம்பனி பெயின்ட், 200 தாண்டினால் திரும்ப அடித்தது, 300 தாண்டினால் கீழே பட்டி.

78,000 என்பதை நம்புவதற்கு முன், சேஸிஸ் இலக்கத்தைக் கொடுத்து யப்பான் ஏலத் தாளை (அங்கே ஏலம் விட்டபோது வாகனத்தின் நிலையை எழுதிய தாள்) எடுத்துப் பாருங்கள். ஏலம் விட்ட நாளில் மீற்றர் எவ்வளவு என்று அதில் இருக்கும். தரம் ஆர் என்று போட்டிருந்தால் திருத்திய வாகனம். படத்தில் எக்ஸ் எக்ஸ் என்று குறித்த பாகம் மாற்றியது, டபிள்யூ தட்டி எடுத்தது. டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், 2321 என்றால் 2021 இன் 23 ஆவது கிழமை. நாலும் வேறு வேறு ஆண்டென்றால் செலவு செய்யாமல் ஓட்டியிருக்கிறார்கள்.

செங்கலடியான்

எல்லாருக்கும் நன்றி. முதல் ஆள் அக்கரைப்பற்றில்தான் இரிக்கிறாராம், ஞாயிறு வரச் சொல்லியிரிக்கோம். அதுக்கு முதல் ஒருத்தரை அனுப்பி வீடியோ எடுத்துப் பார்த்தோம். சீட் பெல்ட்டில் கோடு இல்லை. ஆனா முன் இடது பக்கக் கார்ப்பெட் மட்டும் புதுசு மாதிரி இரிக்கு, வலது பக்கம் பழசு. ஏசித் தண்ணி உள்ளுக்கு வந்ததால மாத்தினதாம். அதை நம்பலாமா?

ஸ்பானர்_பன்னிரண்டு

நம்பக்கூடிய காரணம்தான் தம்பி. ஏசிட தண்ணி வெளியேற்றுற குழாய் அடைச்சா அந்தப் பக்கம் நனையும், பெல்ட்டும் மற்றப் பக்கமும் நல்லா இரிக்கும். வெள்ளம் எண்டா ரெண்டு பக்கமும்தான் நனையும். ஆனா நனைஞ்சது லிதியம் பற்றரி இரிக்கிற பக்கம். அதனால அந்தச் சீட்டைக் கழட்டிக் கனெக்டரைக் காட்டச் சொல்லுங்க. நாலு போல்ட்தான், கராஜில பத்து நிமிச வேலை. கழட்டும்போது கீழ மஞ்சள் உறை போட்ட எயார் பேக் வயர் இரிக்கலாம். பன்னிரண்டு வோல்ட் பற்றரிட நெகட்டிவைக் கழட்டிக் கொஞ்ச நேரம் விட்டிட்டுத்தான் அதில கை வைக்க வேணும், மெக்கானிக்கிட்டயும் சொல்லிப் போடுங்க. பிறகு ஏசியை அரை மணித்தியாலம் போட்டு வாகனத்துக்குக் கீழ பாருங்க, தண்ணி வெளியில சொட்ட வேணும். சொட்டலை எண்டா குழாய் இன்னும் அடைச்சுத்தான் கிடக்கு. சீட் கழட்ட விடமாட்டேன் எண்டு சொன்னா அட்வான்ஸ் குடுக்காம வாங்க.