தரங்கம்பாடியில் ஒரு ராத்திரியாவது தங்குங்கள்

கடலோரமாகப் போய்வர எந்த ஊர் நல்லது என்ற கேள்விக்குக் கோவா, புதுச்சேரி என்று நிறையப் பேர் சொல்லிவிட்டீர்கள், நான் தரங்கம்பாடியைப் பற்றிச் சொல்கிறேன். காரைக்கால் போகிற வழியில் இறங்கி, டேனிஷ் கோட்டை முன்னால் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள்தான் அதிகம். அப்படிப் போனால் அந்த ஊர் பிடிபடவே பிடிபடாது.

கோட்டையும் பார்க்க வேண்டியதுதான். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு வந்த டென்மார்க்காரர்கள் 1845-இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போகும்வரை இங்கிருந்துதான் வியாபாரம். மேலே கவர்னர் இருந்த அறைகள், கீழே கிடங்கும் சிறையும். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது கோட்டைக்குப் பக்கத்தில் கடலை ஒட்டி நிற்கிற மாசிலாமணிநாதர் கோயில். டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்பே, குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது, மிச்சத்தைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள்.

அங்கே வலையைப் பிரித்து அறுந்த கண்களைக் கோத்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "ஐயா, கடல் எப்பவும் இவ்வளவு கிட்டத்தானா?" என்று கேட்டேன். "நாங்க சின்னப் பிள்ளையா இருக்கும்போது நல்லா தள்ளி இருந்துச்சு தம்பி" என்றவர், அப்புறம் 2004 சுனாமியைப் பற்றி வெகுநேரம் பேசினார், யார் யார் வீடு எங்கே இருந்தது என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார், கை மட்டும் வலையை விடவேயில்லை. எந்த அருங்காட்சியகத்திலும் இது கிடைக்காது.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ராஜ வீதியில் நடந்து பாருங்கள். 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் டென்மார்க் அரசரின் கிரீடமும் பெயர் எழுத்துகளும் இன்னும் இருக்கின்றன. 1706-இல் வந்து தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்துப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவின் கல்லறை உள்ளேதான். நம் மொழியின் அச்சு வரலாற்றில் இவ்வளவு பெரிய இடம் உள்ள ஊரில் கூட்டமே இல்லாமல் நிம்மதியாக நடக்க முடிகிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

குளிக்கும் ஆசையோடு மட்டும் வராதீர்கள், கோயில் பக்கம் பாறையும் அலையும் மோசம். காலையில் சீக்கிரம் எழுந்தால் படகுகள் கரை சேருவதைப் பார்க்கலாம், மீன் வாங்குவதானாலும் அப்போதுதான்.