மறு: ‘ட்ரிப்பேஜ்’ – நடையெண் என்று வைக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. ஆளாளுக்குத் தனியாக எழுதாமல் ஒரே மடலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு சுருக்கம். திருகோணமலைப் பள்ளிக்கூடங்களில் சுற்றாடல் முன்னோடிகளாக இருக்கும் பிள்ளைகளுக்குச் சிறு கையேடு ஒன்று எழுதுகிறோம். பால் என்னென்ன பொதிகளில் வருகிறது, எது சூழலுக்கு எவ்வளவு சுமை என்பதுதான் பொருள். கண்ணாடிப் போத்தல், பிளாஸ்ரிக் போத்தல், பால்பை, பல்படல அட்டைப்பெட்டி எல்லாவற்றுக்கும் சொல் முடிவாகிவிட்டது. (பொதியிடலா சிப்பமிடலா என்று கோயம்புத்தூர் ஐயா தொடங்கியதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். இங்கே பிள்ளைகளுக்குப் பழகியது பொதியிடல்.) முட்டுப்பட்டு நிற்பது ‘ட்ரிப்பேஜ்’ (trippage) என்ற ஒரே சொல்லில்தான். அதற்கு நடையெண் என்று வைக்கலாம் என்பது என் யோசனை.

ஆலையில் பால் நிரப்பிய போத்தல் கடைக்கும் வீட்டுக்கும் போய், வெறும்போத்தலாகத் திரும்பி, கழுவப்பட்டு, மறுபடி பால் நிரப்பிக்கொண்டு புறப்படுகிறது. உடைந்தோ தொலைந்தோ கழிக்கப்பட்டோ போகும்வரை ஒரு போத்தல் சராசரியாக எத்தனை தரம் இப்படிப் புறப்படுகிறது என்பதுதான் அந்த எண். அதைச் சொல்லாமல் கண்ணாடி நல்லதா பொலித்தீன் நல்லதா என்று வாதாடுவது வீண்வேலை.

ஏன் என்று பாருங்கள். ஒரு லீற்றர் கண்ணாடிப் போத்தல் 400 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தரம் பாவித்து எறிந்தால் ஒரு லீற்றர் பாலுக்கு 400 கிராம் கண்ணாடி செலவு, அதுவும் 1,500 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் உருக்கி வார்த்த கண்ணாடி. அதே போத்தல் 20 தரம் போய்வந்தால் லீற்றருக்கு 20 கிராம்தான். அட்டைப்பெட்டி ஏறத்தாழ 30 கிராம், ஆனால் ஒவ்வொரு லீற்றருக்கும் புதிது வேண்டும். பால்பை பத்துக் கிராமுக்கும் குறைவு, அதுவும் ஒவ்வொரு முறையும் புதிது. எடை மட்டும் சுமையல்ல என்பது சரிதான், ஒரு கிராம் அலுமினியமும் ஒரு கிராம் கண்ணாடியும் ஒன்றாகிவிடாது. ஆனாலும் பிள்ளைகளுக்கு விசயத்தைத் திறந்துவைக்க இந்தக் கணக்குப் போதும்.

இனித்தான் எனக்குப் பிடித்த பகுதி. ஒவ்வொரு சுற்றிலும் நூறு போத்தலில் 90 திரும்பினால் சராசரி 10. 95 திரும்பினால் 20. 98 திரும்பினால் 50. நூறில் எத்தனை தொலைகிறதோ அதால் நூறைப் பிரித்தால் விடை வந்துவிடும். அதாவது 95இலிருந்து 98க்குப் போக, நூறு வீட்டில் மூன்று வீட்டுக்காரர் கூடுதலாக வெறும்போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் போதும், போத்தலின் ஆயுள் இரண்டரை மடங்காகிறது. முற்பணம் வாங்கிக்கொண்டு போத்தல் கொடுக்கும் வழக்கத்தின் பலம் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது.

சரி, மறுப்புகளுக்கு வருகிறேன்.

> மீள்பயன்பாட்டு எண்ணிக்கை என்றால் எல்லாருக்கும் விளங்குமே, புதுச்சொல் எதற்கு?

ரீச்சர், விளங்கும், ஆனால் வேறொன்றாக விளங்கும். எங்கள் பக்கம் இன்றைக்கும் பசும்பாலைச் சாராயப் போத்தலில் ஊற்றி, வாய்க்குக் கடதாசியைச் சுருட்டி அடைத்துத் தருகிற வீடுகள் இருக்கின்றன. ‘ஒரு போத்தல் பால்’ என்றால் 750 மில்லிலீற்றர் என்ற அளவே அந்தப் போத்தலால் வந்ததுதான். அந்தப் போத்தல் ஒரு வீட்டில் பாலுக்கு, பிறகு மண்ணெண்ணெய்க்கு, கடைசியில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்ற என்று போய்விட்டால் மூன்றுமே மீள்பயன்பாடு. ஆனால் பால்காரரிடம் திரும்பி மறுபடி பால் நிரம்பியதை மட்டுமே நமது எண் கணக்கெடுக்கும். செடிக்குத் தண்ணீர் ஊற்றியதால் அடுத்த லீற்றர் பாலுக்குப் புதுப்போத்தல் தேவைப்படாமல் போகவில்லையே.

கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கத்து எருமைத்தயிர்ச் சட்டியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். களிமண் என்றதும் பிள்ளைகள் முழுப் புள்ளியும் போட்டுவிடுவார்கள். மண்ணோடு மண்ணாகக் கலந்துவிடும், பொலித்தீனை விழுங்குவதுபோல ஊருக்குள் திரியும் மான் அதை விழுங்காது, எல்லாம் உண்மை. ஆனால் விறகு எரித்துச் சூளையில் சுட்ட சட்டி அது, பாரமும் கூட, ஏற்றி இறக்கும்போது உடைவதும் உண்டு. தயிர் முடிந்ததும் எங்கள் வீட்டில் அதில் கற்றாழை வளர்கிறது. பயன்பாடு என்று பார்த்தால் இரண்டு, நமது எண் என்று பார்த்தால் ஒன்று. நான் சட்டித் தயிர்தான் வாங்குகிறேன், இனியும் வாங்குவேன், அது ருசிக்காக. கணக்கில் அதற்குச் சலுகை கொடுக்கத் தேவையில்லை.

> அண்ணை, சுற்றெண் என்று வையுங்களேன். போத்தல் சுற்றித்தானே வருகிறது.

தம்பி, முதலில் எனக்கும் அதுதான் பிடித்தது. சிக்கல் என்னவென்றால் மீள்சுழற்சி, வாழ்க்கை வட்டம், மின்சுற்று, சுற்றாடல் என்று கையேட்டின் பக்கமெல்லாம் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைவிட முக்கியம், உடைந்த போத்தலை நொறுக்கி உருக்கிப் புதுப்போத்தல் செய்வது மீள்சுழற்சி, முழுப் போத்தலைக் கழுவி நிரப்புவது வேறு வேலை. முன்னதற்கு உலை எரிய வேண்டும், பின்னதற்குச் சுடுநீரும் எரிசோடாவும் போதும். பிள்ளைகள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே எழுதும் கையேட்டில் சொல்லே குழப்பினால் என்ன செய்வது?

நடை என்பது நாம் நாள்தோறும் பேசுகிற சொல். மணல் ஏற்றும் ட்ரக்ரர்காரரிடம் கேளுங்கள், ‘காலையில இரண்டு நடை அடிச்சாச்சு’ என்பார். இளம் பெடியள் ‘ரிப்’ என்கிறார்கள், அதனால் நடை செத்துவிடவில்லை. பாடசாலை விஞ்ஞானத்தில் அணுவெண், திணிவெண் இருக்கின்றன, நடையெண் அவற்றோடு அலுங்காமல் உட்காரும்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரியது. ‘மீள்’ என்று தொடங்குகிற சொல்லுக்கு ஒரு நல்லபிள்ளைத்தனம் இருக்கிறது. எண் கூடினால் நல்லது என்று வாசிப்பவர் மனம் தானாகவே முடிவுகட்டிவிடும். நடைக்கு அந்தப் புனிதம் கிடையாது. நடை என்றதும் நடைக்கூலி ஞாபகம் வரும், டீசல் ஞாபகம் வரும். கொழும்பிலிருந்து இங்கே இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல். பாலோடு கண்ணாடியின் பாரத்தையும் அவ்வளவு தூரம் இழுத்து வந்து, வெறும்போத்தலை அதே தூரம் திருப்பி அனுப்பினால், ஒவ்வொரு நடையிலும் செலவுதான். போத்தலைச் செய்வதற்கான சுமை நடைகளுக்குள் பங்கிடப்பட்டுக் குறைந்துகொண்டே போகும். கழுவும் சுமையும் ஏற்றி இறக்கும் சுமையும் ஒரு நடைக்கு இவ்வளவு என்று அப்படியே நிற்கும், பங்கிட முடியாது. அதனால் நடையெண் 1 உள்ள அட்டைப்பெட்டி நெடுந்தூரத்தில் நடையெண் 5 உள்ள கண்ணாடிப் போத்தலை வென்றுவிடலாம். கந்தளாயில் கறந்து நகரில் விற்கிற பாலுக்குக் கதை மாறலாம். கையேட்டில் பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டியதே இதைத்தான்.

> அட்டைப்பெட்டிக்கு வக்காலத்தா? அதை இங்கே யார் பிரித்தெடுக்கிறார்கள்?

வக்காலத்து இல்லை. முக்கால் பங்கு காகித அட்டை, ஐந்தில் ஒரு பங்களவு பொலித்தீன், மிச்சம் மெல்லிய அலுமினியத் தாள் எல்லாம் ஒட்டிக்கிடக்கிற பெட்டி அது. நீரில் கரைத்துக் காகித நாரை எடுத்துவிடலாம், பொலித்தீனும் அலுமினியமும் ஒட்டியபடியே மிஞ்சும். அதற்கென்று சேகரிப்பும் ஆலையும் இல்லாத ஊரில் அது குப்பைதான். ஆனால் 135 பாகைக்கு மேல் சில விநாடி சூடேற்றிக் கிருமியில்லாமல் அடைத்த பால் குளிரூட்டி இல்லாமல் மாதக்கணக்கில் இருக்கும், எங்கள் வெயிலில் அது சின்ன விசயமில்லை. ஒரு லீற்றர் பாலின் மொத்தச் சுமையில் பெரும்பங்கு பண்ணையில்தான் இருக்கிறது: மாட்டின் ஏவறையில் வரும் மெதேன், தீனி, சாணம். பொதியின் பங்கு சிறியது. பொதியில் நாலு கிராம் மிச்சம் பிடித்து, பால் திரைந்து, அதை வாய்க்காலில் ஊற்றினால் கணக்குத் தலைகீழாகிவிடும்.

பால்பையைப் பற்றி யாரும் எதிர்த்து எழுதவில்லை, நானே எழுதுகிறேன். வாழ்க்கை வட்ட மதிப்பீடுகளில் (ஒரு பொருளைச் செய்வதிலிருந்து எறிவது வரையான சூழல் சுமையைக் கூட்டிப் பார்க்கும் கணக்குகளில்) அது நல்ல பெயர் வாங்குகிற சாமான், காரணம் எடை. ஆனால் அந்த மதிப்பீட்டு முறை சக்தி, நீர், பச்சைவீட்டு வாயு எல்லாவற்றையும் அளக்கிற அளவுக்குத் தெருவில் பறக்கிற குப்பையை அளப்பதில்லை. திருகோணமலைப் பிரெட்றிக் கோட்டையிலிருந்து இறங்கி நகருக்குள் வரும் மான்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குப்பைக் குவியலில் முகத்தை நுழைத்து, உப்போ பாலோ மணக்கிற பையை நக்கத் தொடங்கி, பிறகு மெல்லத் தொடங்கி, இழுத்து விழுங்கிவிடும். அபிசேகத்துக்குப் பாலை ஊற்றிவிட்டுப் பையைக் காலடியிலேயே போட்டுவிட்டுப் போகிறவர்களும் நாம்தான். 2017 செப்டெம்பரில் வந்த தடை 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீனுக்கு, பால்பை அதைவிடத் தடிப்பு. ஆகவே கையேட்டில் பால்பைக்கு இரண்டு வரி தனியாக வரும், எண்ணோடு சேர்க்காமல். பால்மாப் பக்கற்றுக்கும் தனிப் பெட்டிச்செய்தி வேண்டும். இந்த நாட்டில் இறக்குமதியாகிற பால்மாவில் பெரும்பகுதி நியூசிலாந்திலிருந்து வருகிறது, அதன் உள்ளுறையும் பிரிக்க முடியாத படலங்கள்தான்.

> நடை என்றால் உரைநடை, கோயில் நடைதிறப்பு, கைத்தொலைபேசி எண்ணுகிற நடை... நடையெண் என்றால் காலடி எண்ணிக்கை என்றுதான் நினைப்பார்கள்.

ஐயா, பாலும் போத்தலும் பேசுகிற பக்கத்தில் யாரும் காலடியை நினைக்க மாட்டார்கள். மின்னோட்டத்தை வாசித்துவிட்டு யாராவது ஓடப் புறப்பட்டார்களா? வேண்டுமானால் முதல்முறை வரும் இடத்தில் ‘கொள்கலன் நடையெண்’ என்று முழுதாக எழுதிவிட்டு, பிறகு நடையெண் என்று மட்டும் விடுகிறேன். தமிழ்நாட்டுத் தொகுப்பில் சேர்ப்பதானால் போத்தலைப் புட்டியாக்கிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

வரையறையை இப்படி எழுதியிருக்கிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள்:

நடையெண்: திருப்பி நிரப்பக்கூடிய ஒரு கொள்கலன், புதிதாக வந்ததிலிருந்து உடைந்தோ தொலைந்தோ கழிக்கப்பட்டோ போகும்வரை, அதே பண்டம் நிரப்பப்பட்டு விற்பனைக்குப் புறப்படும் தடவைகளின் சராசரி. முதல் தரம் நிரப்புவதும் ஒரு நடையே. ஒருமுறைப் பொதிகளின் நடையெண் 1.

முதல் தரத்தையும் சேர்ப்பதா என்று ரீச்சர் கேட்டிருந்தீர்கள். சேர்க்காவிட்டால் பால்பைக்குச் சுழியம் வரும், சுழியத்தால் பிரிக்கச் சொல்லிப் பிள்ளைகளிடம் கொடுக்க முடியாது. அதனால் சேர்த்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி. போத்தல் பாலில்லாமல் ஆலைக்குத் திரும்புகிற பயணத்துக்கும் சொல் வேண்டும், அதன் டீசலைக் கையேட்டில் தனி நிரலாகக் காட்டப்போகிறேன். ‘வெறுநடை’ என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நன்றாகவே வருகிறது. மூதூர்த் தம்பி, உங்கள் பக்கம் லொறிக்காரர் சுமை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்புவதை என்னவென்று சொல்கிறார்கள் என்று ஒருக்கா விசாரித்து எழுதுங்கள். அவர்களிடம் வேறு சொல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.