பழைய லாரிக்குக் கழற்றின ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி): பார்ட் நம்பர் ஒன்றானால் போதுமா?

பம்ப்ரூம்24:
நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார்: "2012 மாடல் பத்து வீல் வண்டியில் ஈசிஎம் போய்விட்டால் பயப்படாதீர்கள். லேபிளில் பார்ட் நம்பர் ஒன்றாக இருக்கும் பெட்டியை, உடைக்கிற வண்டியிலிருந்து வாங்கி மாட்டுங்கள். அப்படியே ஓடும்." படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. இருபது வருடமாக டீசல் பம்ப் வேலை பார்க்கிறேன். லேபிளில் இருப்பது பெட்டியின் நம்பர். உள்ளே ஏற்றியிருக்கும் புரோகிராம் வேறு. ஒரே பெட்டி லாரியிலும் இருக்கும், பஸ்ஸிலும் இருக்கும், குதிரைத்திறன் மட்டும் மாறும். டீசல் அளவு, டர்போ அழுத்த வரம்பு, வேகக் கட்டுப்பாடு எல்லாம் அந்தப் புரோகிராமில்தான் இருக்கிறது. இதைக்கூடத் தெரியாமல் ஊருக்கு யோசனை சொல்லக் கூடாது.

பத்துவீல்_ஓனர்:
எழுதியவன் நான்தான். என் பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். என் வண்டி 14 மாதமாக ஓடுகிறது. செலவு 18,000 ரூபாய். சர்வீஸ் சென்டரில் கேட்டது ஒரு லட்சத்துக்கு மேல். பார்ட் நம்பர் ஒன்று, வண்டி ஓடுகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

பம்ப்ரூம்24:
ஓடுவது வேறு, சரியாக ஓடுவது வேறு. போன மாதம் என் கடைக்கு ஒரு வண்டி வந்தது. கழற்றின பெட்டி, நீங்கள் சொல்கிற அதே 'ஒன்றான' பார்ட் நம்பர். மேட்டில் மூன்றாம் கியருக்கு மேல் இழுவை இல்லை, ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது ஜிபிஎஸ்ஸில் 52. பெட்டியைப் படிக்கிற ஸ்கேனர் போட்டுப் பார்த்தால் அது பஸ்ஸில் இருந்த பெட்டி. கிரவுன் (பின் அச்சுப் பல்சக்கர) கணக்கும் டயர் கணக்கும் பஸ்ஸுக்கு உரியவை. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குக் கோட் நம்பர் உள்ள எஞ்சினாக இருந்தால் இன்னும் மோசம். ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலும் பொறித்திருக்கிற கோட் நம்பரைப் புதுப் பெட்டியில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் ஐடிலில் (ஆக்சிலேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) நடுங்கும், புகை தள்ளும்.

பத்துவீல்_ஓனர்:
அது பஸ் பெட்டி. நான் வாங்கியது லாரிப் பெட்டி, அதே மாடல். பார்ட் நம்பர் ஒன்று.

ஆட்டோஎலக்ட்ரிக்_சேலம்:
முதலில் போனது ஈசிஎம்தானா என்று யாராவது பார்த்தீர்களா? 'பெட்டி போச்சு' என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகவே இல்லை, ஸ்கேனரும் பேசவில்லை. சென்சாருக்குப் போகிற 5 வோல்ட்டை மீட்டரில் பார்த்தேன், 0.8 காட்டியது. சென்சார் கப்ளர்களை (வயர் சொருகிகளை) ஒவ்வொன்றாகக் கழற்றினேன். டர்போ பக்கம் அழுத்தம் பார்க்கிற பூஸ்ட் சென்சாரைக் கழற்றியதும் முள் ஐந்துக்கு ஏறிவிட்டது. கப்ளருக்கு அந்தப் பக்கம், சென்சாரோடு வருகிற வயர் பிராக்கெட்டில் உரசித் தோல் போயிருந்தது, அவ்வளவுதான். கேன் லைனையும் (வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் இரண்டு வயர்) பாருங்கள். பேட்டரி கழற்றி இரண்டு வயருக்கும் நடுவே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை ரெசிஸ்டர் விட்டுப்போயிருக்கிறது.

பம்ப்ரூம்24:
தம்பி, நல்ல விஷயம்தான், ஆனால் பேச்சு அதைப் பற்றி இல்லை. பார்ட் நம்பர் ஒன்றானால் போதுமா, போதாதா? போதாது.

லைன்_டிரைவர்:
பெட்டி ஏன் போகிறது என்பதையும் சொல்லுங்க அண்ணே. எங்கள் வண்டியில் பின்கதவுக்கு வெல்டிங் வைத்தார்கள், மறுநாளே செக் எஞ்சின் லைட் எரிந்தது.

பாடிபில்டர்_சங்ககிரி:
ஆரம்பித்துவிட்டீர்களா? எது போனாலும் வெல்டிங் வைத்தவன்தான் குற்றவாளி. நாங்கள் பேட்டரி டெர்மினல் கழற்றிவிட்டுத்தான் ராடு வைக்கிறோம்.

ஆட்டோஎலக்ட்ரிக்_சேலம்:
டெர்மினல் மட்டும் போதாது, ஈசிஎம் கப்ளரையும் உருவ வேண்டும். வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். நீங்கள் பின்னால் வெல்டிங் வைத்துக்கொண்டு கிளாம்பை முன் பம்பரில் மாட்டினால் கரண்ட் சேஸ் முழுக்க நடந்துதான் திரும்பும்.

பாடிபில்டர்_சங்ககிரி:
என் பட்டறையில் யாரும் பம்பரில் கிளாம்ப் மாட்டுவதில்லை. வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பம்ப்ரூம்24:
வெல்டிங்கோ, பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் போய் வழக்கமான 28 வோல்ட்டைத் தாண்டி 32, 33 ஏறியதோ, காரணம் தெரியாமல் இன்னொரு பெட்டியை மாட்டினால் அதுவும் போகும். ஆனால் ஓனருக்கு ஒரு கேள்வி. உங்கள் பழைய பெட்டியில் இருந்த புரோகிராம் நம்பர் என்ன? புதியதில் இருப்பது என்ன? மாட்டுவதற்கு முன் பழையதைப் படித்து வைத்தீர்களா?

பத்துவீல்_ஓனர்:
செத்துப்போன பெட்டியை எப்படிப் படிப்பது?

பம்ப்ரூம்24:
முழுதாகச் சாவதற்கு முன்பே படிக்க வேண்டும். சூடானால் நிற்கிறது, ஆறினால் கிளம்புகிறது என்கிற கட்டத்தில் படிக்க முடியும். செத்த பிறகும் மெமரி சிப் நன்றாக இருந்தால் கழற்றிப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் இல்லையென்றால் எஞ்சின் நம்பரை வைத்துக் கம்பெனி டீலரிடம் சரியான புரோகிராமை ஏற்றச் சொல்ல வேண்டும். இதைச் செய்தால் கழற்றின பெட்டிக்கு நான் எதிரி இல்லை.

பத்துவீல்_ஓனர்:
உங்களுக்கு என் மேல் கோபம் பெட்டியால் இல்லை. போன வருடம் பம்ப் வேலைக்கு உங்களிடம் வராமல் ஈரோட்டில் கொடுத்தேன், அதுதான்.

பம்ப்ரூம்24:
ஈரோட்டில் கொடுத்த பம்ப் எட்டு மாதத்தில் திரும்பிக் கழன்றதே, அதையும் எழுதுங்கள். என் ஸ்கேனரை வாங்கிக்கொண்டு போய் கேபிள் பின் வளைந்து திரும்பி வந்ததையும் எழுதுங்கள்.

பத்துவீல்_ஓனர்:
பின் வளைந்தது உங்கள் பையன் கையில்.

லைன்_டிரைவர்:
அண்ணே, எங்கள் வண்டி லைட் இன்னும் எரிகிறது. யாரிடம் காட்டட்டும்?

பம்ப்ரூம்24:
நாளைக்குக் காலையில் கொண்டு வா. ஓனர், லேபிள் போட்டோ வேண்டாம். ஸ்கேனர் திரையில் வருகிற புரோகிராம் நம்பரைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். அதுவரை விடமாட்டேன்.

பத்துவீல்_ஓனர்:
வண்டி இப்போது நாக்பூர் தாண்டி லோடோடு போய்க்கொண்டிருக்கிறது, அதே பெட்டியோடு. பார்ட் நம்பர் ஒன்று.