சித்தப்பா ரிப்போர்ட் வந்தாச்சு

குழு: எங்க வீட்டு ஆளுங்க

கார்த்தி, மாலை 6:42
அப்பா ரிப்போர்ட் வந்துருச்சு. போட்டோ தெளிவா இல்ல, டைப் பண்றேன்.
24 மணி நேர யூரின்ல புரதம் 4.2 கிராம். ரத்தத்துல ஆல்புமின் 2.8. கிரியாட்டினின் 0.9. அப்புறம் பிஎல்ஏ2ஆர் ஆன்டிபாடி 46, பாசிட்டிவ்.

சண்முகம், மாலை 6:44
பாசிட்டிவ்னா நல்லதா கெட்டதா?

மாலா, மாலை 6:45
ஐயோ, டயாலிசிஸ் வரைக்கும் போயிடுமா? காதுகுத்துக்கு வந்தப்பவே அண்ணன் முகம் உப்பியிருந்துச்சு

செல்வி, மாலை 6:51
காலைல எந்திரிச்சா கண்ணு ரெண்டும் வீங்கிக் கிடக்கு. சாயந்திரம் ஆனா காலுக்கு இறங்கிருது. கணுக்கால்ல விரலை அழுத்தி எடுத்தா குழி அப்படியே நிக்குது. யூரின்ல நுரை, தண்ணி ஊத்தினாலும் போக மாட்டேங்குது. நிவேதா நீ பாத்தியாம்மா?

நிவேதா, இரவு 8:10
இப்பதான் வார்டுல இருந்து வந்தேன் சித்தி. எல்லாம் படிச்சுட்டேன்.
அத்தை, டயாலிசிஸ் பேச்சே இப்ப இல்ல. கிரியாட்டினின் 0.9னா ரத்தத்தைச் சுத்தம் பண்ற வேலை ஒழுங்கா நடக்குது. வெளிய போகக் கூடாத ஆல்புமின்ங்கற ரத்தப் புரதம் யூரின்ல ஒழுகிப் போகுது, அதுதான் பிரச்சனை. நோய் பேரு மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி.

சண்முகம், இரவு 8:12
அவனுக்குச் சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. எப்படிம்மா வந்துச்சு?

நிவேதா, இரவு 8:21
அப்பா, கொஞ்சம் நீளமா எழுதுறேன்.
கிட்னி வடிகட்டியில ரத்தக்குழாயைச் சுத்தி போடோசைட்னு ஒரு செல் இருக்கு. பல்லி சுவத்தைப் பிடிச்ச மாதிரி கால் நீட்டிப் பிடிச்சுட்டு இருக்கும். அந்த செல் மேல இருக்கற ஒரு புரதம்தான் பிஎல்ஏ2ஆர். பாஸ்போலிப்பேஸ் ஏ2ங்கற என்சைம் வந்து ஒட்டுற ரிசெப்டர். நம்ம எல்லார் கிட்னியிலயும் இருக்கு.
சித்தப்பா உடம்போட எதிர்ப்பு சக்தி அதை வெளியாள்னு நெனச்சு ஆன்டிபாடி செய்யுது. பெரும்பாலும் ஐஜிஜி4 வகை. அது வடிகட்டிக்குள்ளயே போய் அந்த ரிசெப்டரைப் பிடிச்சு, வடிகட்டிப் படலத்தோட வெளிப்பக்கம் படிஞ்சிடுது. படலம் தடிச்சுப் போகுது. எதிர்ப்பு சக்திக்குத் துணையா ரத்தத்துல இருக்கற காம்ப்ளிமென்ட் புரதங்களும் சேர்ந்து போடோசைட்டைத் தாக்குது. பிடிச்சிருந்த கால்கள் தட்டையாகி, ஆல்புமின் வழிஞ்சு வந்துடுது.

கார்த்தி, இரவு 8:25
அக்கா, கிட்னியில ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பாக்குற பயாப்சி பண்ணாம இதை வெச்சே எப்படிச் சொல்றாங்க? எனக்கு அதுதான் உறுத்துது

நிவேதா, இரவு 8:33
நியாயமான கேள்விடா. எலிகளுக்கு இதே மாதிரி நோயை வரவைக்கலாம்னு ஹேமன் 1959லயே காட்டிட்டாரு. ஆனா மனுஷங்க கிட்னியில ஆன்டிபாடி எதைப் பிடிக்குதுன்னு பிடிபட அம்பது வருஷம் ஆச்சு. 2009ல பாஸ்டன்ல லாரன்ஸ் பெக், டேவிட் சாலன்ட் குழு கண்டுபிடிச்சாங்க. காரணம் தெரியாத மெம்ப்ரனஸ் இருந்த 37 பேர்ல 26 பேர் ரத்தத்துல இந்த ஆன்டிபாடி இருந்துச்சு. இதை முதல்ல படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு.
ஆல்புமின் ஒழுகுது, கிட்னி வேலை நல்லா இருக்கு, சர்க்கரை இல்ல, இந்த ஆன்டிபாடியும் பாசிட்டிவ்னா பயாப்சி அவசியமில்லைன்னு 2021 சர்வதேச வழிகாட்டியே சொல்லுது. ஹெபடைடிஸ் பி, புற்றுநோயாலயும் மெம்ப்ரனஸ் வரலாம்ங்கறதால அந்தச் சோதனை மட்டும் பண்ணிடணும். எழுதிக் கொடுத்திருக்காங்கல்ல?

கார்த்தி, இரவு 8:34
ஆமாக்கா, நாளைக்கு ஸ்கேன்

செல்வி, இரவு 8:40
ஆனா பெரிய மருந்து ஒண்ணும் தரலையே. புரதம் ஒழுகுறதைக் குறைக்க டெல்மிசார்டன், நீர் போக ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒண்ணு. அவ்வளவுதான். வேணும்னா என் கிட்னியைத் தர்றேன் நிவேதா

நிவேதா, இரவு 8:48
சித்தி அழாதீங்க. ஆன்டிபாடி ரத்தத்துல இருக்கு. புதுக் கிட்னி வெச்சாலும் அதையும் போய்ப் பிடிக்கலாம். அதோட, சித்தப்பாவுக்கு இப்ப அது தேவையே இல்ல.
மூணுல ஒருத்தருக்கு இது தானாவே அடங்குது. அதனாலதான் காத்திருந்து பாக்குறாங்க. எதிர்ப்பு சக்தியை அடக்குற மருந்துக்கு விலையும் ஜாஸ்தி, தொற்று பயமும் இருக்கு. அடங்கலைன்னா அந்த வகையில ரிடுக்சிமாப்னு ஒரு ஊசி இருக்கு. 2019ல வந்த பெரிய ஆய்வுல அது போட்டவங்கள்ல 60 சதவீதம் பேருக்கு ரெண்டு வருஷம் கழிச்சும் நோய் கட்டுக்குள்ள இருந்துச்சு. அதே வகையில சைக்ளோஸ்போரின்ங்கற இன்னொரு மருந்து எடுத்தவங்கள்ல 20 சதவீதம்தான்.

மாலா, இரவு 8:52
எங்க தெருவுல ஒரு வைத்தியர் கிட்னிக்குன்னே லேகியம் தர்றாரு. அதையும் சேர்த்துக் கொடுக்கலாமே அண்ணி

நிவேதா, இரவு 8:57
அத்தை, தயவுசெஞ்சு வேண்டாம். என்ன சேர்க்கிறாங்கன்னு தெரியாத மருந்துல பாதரசம் இருந்தா, அதுவே இன்னொரு வகை மெம்ப்ரனஸைக் கொண்டுவரும். அதுல பிடிபடுற புரதம் வேற, பேரு நெல்-1. கேரளாவுல கோட்டக்கல்ல 22 மெம்ப்ரனஸ் நோயாளிகளைப் பாத்ததுல 15 பேருக்கு இந்த வகை. அதுல 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசினவங்க, அந்த மாதிரி க்ரீம்லயும் பாதரசம் இருக்கலாம். மீனா வாங்கி வெச்சிருக்கற அந்தப் பேரில்லாத க்ரீமை இன்னைக்கே தூக்கிப் போடச் சொல்லுங்க.

மாலா, இரவு 8:59
அய்யய்யோ. இப்பவே எடுத்துப் போடுறேன்

ராஜேந்திரன், இரவு 9:06
எல்லாம் படிச்சிட்டுதான் இருக்கேன். அடுத்த தடவையும் யூரின்ல நுரை வந்துச்சுன்னா மருந்து வேலை செய்யலைன்னு அர்த்தமா?

நிவேதா, இரவு 9:14
இல்ல சித்தப்பா, இதைத்தான் நான் சொல்லணும்னு இருந்தேன். முதல்ல இறங்குறது ஆன்டிபாடி. புரதம் ஒழுகுறது மாசக்கணக்குல பின்தங்கித்தான் குறையும். படிஞ்சது கரையணும், போடோசைட் தேறணும், அதுக்கு நாளாகும். அடுத்த டெஸ்ட்ல ஆன்டிபாடி 46ல இருந்து இருபதுக்குக் கீழ வந்து, யூரின்ல இன்னும் 3 கிராம் போனாலும் அது நல்ல சேதி. அது நூறுக்கு மேல ஏறினா, யூரின் அப்படியே இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. அதனால ஒவ்வொரு தடவையும் ஒரே லேப்ல எடுங்க. நுரையைப் பாத்து மனசு விடாதீங்க.

ராஜேந்திரன், இரவு 9:16
சரிம்மா. இப்பதான் புரியுது

செல்வி, இரவு 9:18
தினம் ஆறு முட்டை வெள்ளைக்கரு கொடுக்கிறேன், சரிதானே?

நிவேதா, இரவு 9:22
வேண்டாம் சித்தி. கூடுதலா கொடுக்கறது யூரின்லயே போயிடும். எல்லாரும் சாப்பிடுற அளவு போதும். உப்பைத்தான் குறைக்கணும்: கருவாடு, அப்பளம், ஊறுகாய் மூணும் வேண்டாம்.
இன்னொண்ணு. ஆல்புமின் ரொம்ப இறங்கினா ரத்தக்குழாய்க்குள்ள ரத்தம் உறைய வாய்ப்பு ஜாஸ்தி. ஒரே ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ, மூச்சு வாங்கினாலோ, விடியட்டும்னு இருக்காதீங்க. நேரா எமர்ஜென்சிக்குப் போயிட்டு எனக்குக் கூப்பிடுங்க.

கார்த்தி, இரவு 9:24
நாளைக்கு ஸ்கேனுக்கு நான் லீவு போட்டுட்டேன். காலைல 7 மணிக்கு வந்துடுறேன்மா, அப்பா வெறும் வயித்துல இருக்கணும்