ஏடிஹெச்டியும் (கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறு) ஸ்கிசோஃப்ரினியாவும் (மனச்சிதைவு நோய்) சேர்ந்து பார்த்தவர்கள் யாராவது இருக்கீங்களா?

நாங்கள் தண்டையார்பேட்டை. தம்பிக்கு 21 வயது, சின்ன வயதிலிருந்தே ஏடிஹெச்டி, அதற்கு மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இப்போது சில மாதமாகக் காதில் குரல் கேட்கிறது, பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறான், டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு குரல் கேட்பதைக் குறைக்க ரிஸ்பெரிடோன் கொடுத்திருக்கிறார், ஸ்கிசோஃப்ரினியாவா என்று இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை. பழைய மாத்திரை மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைக் கூட்டும், புதியது அதன் வேலையைத் தடுக்கும் என்றார், சரி, புரிகிறது. ஆனால் குரல் குறைந்த பிறகும் கவனம் சுத்தமாக நிற்கவில்லை, ஐடிஐ படிப்பு பாதியில் கிடக்கிறது. கவனக்குறைவு ஏடிஹெச்டி, ஸ்கிசோஃப்ரினியா இரண்டிலுமே வரும் என்பதால் எது எதனால் என்றே பிடிபடவில்லை. (அம்மா மந்திரிக்கக் கூட்டிப்போகணும் என்கிறார், அது தனிக் கதை.) உங்கள் வீட்டில் அப்புறம் பழைய ஏடிஹெச்டி மாத்திரையையே திரும்ப ஆரம்பித்தார்களா, இல்லை ஏடிஹெச்டிக்கே தரும் அட்டமாக்ஸிடின் மாதிரி வேறு ஏதாவதா? கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் போனவர்கள் இருந்தால், காலையில் எத்தனை மணிக்குப் போகணும், பழைய சீட்டெல்லாம் கேட்பார்களா?