லைன் சூப்பர்வைசர் ஆகப் போகிறேன், எப்படி நடந்துகொள்வது?

ஓவர்லாக் செல்வி:
திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் ஓவர்லாக் (துணி ஓரம் அடிக்கும் மெஷின்) டெய்லராக இருக்கிறேன். அடுத்த மாதத்திலிருந்து என்னையே லைன் சூப்பர்வைசராக, அதாவது ஒரு வரிசையில் தைப்பவர்களை மேற்பார்க்கிறவராகப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் இப்போதிருப்பவரைப் போல நானும் ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. மணிக்கு ஒருமுறை போர்டில் பீஸ் கணக்கு எழுதுவார். குறைந்தால் லைன் முழுக்கக் கேட்கும்படி பெயர் சொல்லித் திட்டுவார். ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகளுக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. குரலும் முகமும் புரியுமே, அழுதுகொண்டே தைப்பார்கள். பாத்ரூம் போக டோக்கன், அதுவும் லைனுக்கு ஒன்றுதான். பல பேர் மதியம் வரை தண்ணீரே குடிப்பதில்லை. டார்கெட்டும் வர வேண்டும், இப்படியும் நடக்கக் கூடாது. நல்ல சூப்பர்வைசரிடம் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள், அவர் என்ன செய்தார்?

பழைய பிளாட்லாக்:
தங்கச்சி, எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஒருவர் இருந்தார். பீஸ் குறைந்தால் அவர் ஆளைப் பார்க்கும் முன்னால் மெஷினைப் பார்ப்பார். ஊசி மழுங்கிவிட்டதா, நூல் அறுந்துகொண்டே இருக்கிறதா, கட்டிங்கிலிருந்து பண்டில் (வெட்டிய துணிக்கட்டு) நேரத்துக்கு வந்ததா என்று கேட்பார். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். தோள் பகுதியைத் தைக்கிறவர் மளமளவென்று அடித்துத் தள்ளுவார், கழுத்துப் பட்டி வைக்கிறவரிடம் பீஸ் குவிந்துவிடும். கழுத்துக்குக் கை நிதானம் வேண்டும், அதனால் திட்டும் அவருக்கே விழும். அண்ணன் அந்த இடத்துக்கு இன்னொரு கைமடியை (உதவியாளரை) அனுப்புவார், ஆள் இல்லாவிட்டால் தானே உட்கார்ந்து தைப்பார். தைக்கத் தெரிந்த சூப்பர்வைசர் கிடைப்பது லைனுக்கு யோகம். உங்களுக்கு அது இருக்கிறது.

ஷிப்மென்ட் நேரத்தில் ஒரு லாட்டில் ஆல்ட்டர் (பிரித்துத் திருத்த வேண்டிய பீஸ்) நிறைய வந்துவிட்டது. "எவன் தைத்தது?" என்று மேனேஜர் கத்திக்கொண்டே வந்தார். "முதல் பீஸைப் பார்த்துச் சரி சொன்னது நான்தான், என்னிடம் பேசுங்கள்" என்று அண்ணன் குறுக்கே நின்றார். அப்புறம் தைத்த பையனைத் தனியாகக் கூப்பிட்டு, துணி எங்கே இழுக்கிறது என்று கையில் வைத்துக் காட்டினார். தப்பைச் சொல்லாமல் விட்டவர் இல்லை அவர். நாலு பேர் முன்னால் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

மதுரை ஜவுளி:
நான் துணிக்கடை சேல்ஸ். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளத்தில் 2018-லும் தமிழ்நாட்டில் 2021-லும் சட்டத்திருத்தம் வந்தது. எங்கள் கடையிலும் ஸ்டூல் போட்டார்கள். ஆனால் ஃப்ளோர் மேனேஜர் இருக்கும்வரை ஒருத்தரும் உட்கார மாட்டோம். உட்கார்ந்தால் "வேலை இல்லையா?" என்பார். அவர் லீவில் போனபோது வந்தவர், கூட்டம் இல்லாத மதியத்தில் முதலில் தானே உட்கார்ந்துகொண்டு, "நீங்களும் உட்காருங்கம்மா" என்றார். அன்றுதான் அந்த ஸ்டூல் எங்களுடையது ஆனது. பாத்ரூம் டோக்கன் முறையை எடுத்துவிடச் சொல்லி மேலே கேளுங்கள். அவர்கள் மறுத்தாலும், எழுந்து போகிறவரை நீங்கள் முறைக்காமல் இருந்தால் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பார்கள்.

கணக்கு நோட்டு:
டார்கெட்டை மேலே இருப்பவர்கள் வைக்கிறார்கள், சூப்பர்வைசர் நல்லவராக இருந்து மட்டும் எல்லாம் மாறிவிடாது. ஆனால் நேரம் எழுதும் பேனா உங்கள் கையில் இருக்கும். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே வரும் விதி. ராத்திரி எட்டரை வரை தைத்தவருக்கு எட்டரை என்றே எழுதுங்கள்.

ஓவர்லாக் செல்வி:
எல்லோருக்கும் நன்றிங்க. இன்னொன்று. எனக்கு மெஷினில் நூல் கோக்கக் கற்றுக்கொடுத்த அக்கா அதே லைனில் இருக்கிறார். அவரை நான் எப்படி வேலை வாங்குவது?

பழைய பிளாட்லாக்:
பதவி ஏற்கும் முன்னால் அவர் வீட்டுக்குப் போய் நீங்களே சொல்லிவிடுங்கள், வேறு யார் வாயிலிருந்தும் அவர் கேட்கக் கூடாது. லைனில் எந்த இடத்தில் பீஸ் தேங்கும் என்று அவரிடமே கேளுங்கள். அக்கா என்றே கூப்பிடுங்கள். கணக்கு மட்டும் எல்லோருக்கும் எழுதுவது போலவே எழுதுங்கள்.